மூக்குச் சிகிச்சை அறையைத் திரும்பத் திறவுங்கள்: சுகாதார நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலை மாவட்டத்தில் சுகாதார நிர்வாகத்துக்குப் பொறுப்பாக இருப்பவர்களுக்கும், நான் கிளினிக் போகும் ஆஸ்பத்திரியை நடத்துகிறவர்களுக்கும்,

ஆஸ்பத்திரியின் பெயரை இங்கே எழுதவில்லை. எது என்று உங்களுக்குத் தெரியும். காது மூக்குத் தொண்டைக் கிளினிக்கின் உள்ளறைக் கதவில் ஒட்டியிருக்கும் அறிவித்தல் உங்கள் உத்தரவில் ஒட்டப்பட்டது என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன். குழாய்ப் பரிசோதனையும் (வெளிச்சம் உள்ள மெல்லிய குழாயை மூக்குக்குள் விட்டுப் பார்ப்பது) சிறு சிகிச்சைகளும் மறு அறிவித்தல் வரை நடைபெறாது, தேவையானோர் வேறு வைத்தியசாலைகளுக்கு அனுப்பப்படுவர் என்று அதில் இருக்கிறது. மூன்று மொழியிலும் இருக்கிறது. காரணம் மட்டும் எந்த மொழியிலும் இல்லை.

அந்த அறைக்குள் இப்போது கோப்புப் பெட்டிகள்தான் இருக்கின்றன. கதவு பாதி திறந்திருந்த ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். நோயாளி இருக்கும் கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பித் தள்ளி, அதன் மேலும் ஒரு பெட்டியை ஏற்றி வைத்திருக்கிறார்கள். சளியை உறிஞ்சி எடுக்கும் மெசினின் குழாய் சுருட்டிக் கைப்பிடியில் தொங்குகிறது. அந்தக் கதிரையில் இருந்து சிகிச்சை எடுத்தவன் நான். அதனால்தான் பேசாமல் இருக்க முடியவில்லை.

என் தொழில் மீன் வியாபாரம். கொட்பேயில் படகு வந்ததும் எடுத்து, ஐஸ் போட்டு, டவுன் கடைகளுக்கும் நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல்களுக்கும் கொடுக்கிறேன். இந்தத் தொழிலுக்குக் கண் பாதி, மூக்கு பாதி. செவுளைத் தூக்கிச் சிவப்பைப் பார்ப்பது யாருக்கும் பழகிவிடும். திருக்கையும் சுறாவும் அப்படியில்லை. வெளியில் பார்க்க நல்ல மீனாகவே கிடக்கும்; உள்ளே அமோனியா ஏறத் தொடங்கியிருக்கும். அதைக் கையில் எடுத்து வயிற்றுப்பக்கம் மணந்து பார்த்துத்தான் விலை சொல்ல வேண்டும். எனக்கு மணம் போன காலத்தில் என்னோடு நிற்கும் பொடியனைக் கூப்பிட்டு மணக்கச் சொல்வேன். இருபது வயதுப் பொடியன் சொல்வதை நம்பி விலை கேட்கும் முதலாளியைப் பார்த்து மற்ற வியாபாரிகள் சிரிப்பார்களா, மாட்டார்களா? சிரித்தார்கள். வீட்டிலும் அப்படித்தான். காஸ் அடுப்பு அணைந்து காஸ் கசிந்தபோது, நான் குசினிக்குள் நின்றுகொண்டே ஒன்றும் தெரியாமல் இருந்தேன். மனைவி முற்றத்திலிருந்து ஓடி வந்து மூடினார்.

எனக்கு இருப்பது நாட்பட்ட சைனஸ் நோய். சைனஸ் என்பது மூக்கைச் சுற்றி எலும்புக்குள் இருக்கும் காற்றுப் பொந்துகள். ஊரில் பீனிசம் என்பார்கள். தடிமன் வந்து ஒரு கிழமையில் போவது வேறு. மூக்கடைப்பு, சளி, முகத்தில் பாரம், மணம் தெரியாமை என்று 12 கிழமைக்கு மேல் விடாமல் இருந்தால் அதை நாட்பட்டது என்கிறார்கள். அதிலும் இரண்டு வகை உண்டு. ஒன்றில் மூக்குக்குள் சதை வளராது, மற்றதில் வளரும். எனக்கு வளர்கிற வகை. இதைத் தீர்மானிக்க நோயாளி சொல்லும் கதை மட்டும் போதாது; ஒன்றில் குழாய் விட்டு உள்ளே பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்கான் எடுக்க வேண்டும். 2020 இல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டியும் இதையே சொல்கிறது. இது நான் கண்டுபிடித்த புதினம் இல்லை. உங்கள் வைத்தியர்கள் எல்லோரும் படித்ததுதான்.

அந்தக் கதிரைக்கு வருவதற்கு முன் எனக்கு நடந்த வைத்தியத்தையும் சொல்ல வேண்டும். எங்கே போனாலும் ஒரே மாதிரிதான். டோர்ச் லைட்டை மூக்கு வாசலில் பிடித்துப் பார்ப்பார்கள். அமொக்சிசிலின் எழுதுவார்கள். அடுத்த முறை அதைவிடக் கொஞ்சம் பெரிய அன்ரிபயோட்டிக். முகத்துக்கு ஒரு எக்ஸ்ரே. அதில் சைனஸ் நோயைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாது என்று பிறகு ஒரு நிபுணரே சொன்னார். பார்மசியில் கொடுக்கும் மூக்குத் துளி மருந்து ஐந்து நிமிடத்தில் மூக்கைத் திறந்துவிடும். ஒரு கிழமைக்கு மேல் தொடர்ந்து விட்டால் அந்த மருந்தே மூக்கை அடைக்கத் தொடங்கும் என்பதை விற்கிறவர் யாரும் சொல்வதில்லை. நொச்சியிலை ஆவியும் பிடித்தேன். அதில் சுகம் கிடைத்தது, ஆனால் சதை கரையவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் நடந்த வைத்தியம் இது. பார்த்திருந்தால் அத்தனை அன்ரிபயோட்டிக் தேவைப்பட்டிருக்காது. அரசாங்கத்தின் காசும் மிச்சம்.

பிறகுதான் இந்தக் கிளினிக்கில் அப்போதிருந்த டொக்டர் என்னை உள்ளறைக்குள் கூப்பிட்டார். இரண்டு மூக்கிலும் மருந்தில் நனைத்த பஞ்சை மெல்ல மெல்ல உள்ளே வைத்தார்கள். ஒரு மருந்து மரத்துப்போகச் செய்வதாம், லிக்னோகெயின். மற்றது உள்ளே வீங்கியிருப்பதைச் சுருங்கச் செய்வது. வெளியே வாங்கில் கொஞ்ச நேரம் இருக்கச் சொன்னார்கள். கசப்பு தொண்டையில் இறங்கியது. மேல்வரிசைப் பல் என்னுடையது இல்லை என்ற மாதிரி ஆனது. பிறகு 4 மில்லிமீற்றர் தடிப்புள்ள குழாய் ஒன்று உள்ளே போனது. தொட்டதும் தள்ளியதும் தெரிந்தது, வலி தெரியவில்லை. பக்கத்துத் திரையில் என் மூக்கின் உட்புறம் தெரிந்தது. உரித்த திராட்சை போல வெளிறிய சதை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. "பாருங்கோ ஐயா, இதுதான் வழியை மறிச்சுக்கொண்டு நிக்குது" என்றார். இத்தனை வருடம் நான் சுமந்து திரிந்ததை அன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன்.

குறுகிய காலத்துக்கு ஸ்டீரொய்ட் குளிசை, தினமும் மூக்கில் அடிக்கும் ஸ்பிரே, கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுதல் என்று தொடங்கினார். கிணற்றுத் தண்ணீரை அப்படியே மூக்கில் விடக்கூடாது என்று தாதி இரண்டு முறை சொல்லி அனுப்பினார். குளிசை குடித்த நாட்களில் மணம் வந்தது. கொட்பேயில் டீசல் மணந்தபோது நான் பட்ட சந்தோசத்தை யாருக்கும் விளங்கப்படுத்த முடியாது. ஆனால் குளிசையைக் காலம் முழுக்கக் குடிக்க முடியாதே. சீனி கூடும், பிரசர் கூடும், எலும்பு பலமிழக்கும். ஸ்கான் எடுத்தார்கள். இரண்டு பக்கமும் நிறைந்திருந்தது. வெளி மாவட்டத்தில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில், முழு மயக்கத்தில், குழாய் வழியாகச் சத்திரசிகிச்சை செய்தார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் நிலைமைக்கு அது தேவைப்பட்டது, அங்கேதான் செய்யக்கூடியதாகவும் இருந்தது. நல்லபடி செய்தார்கள்.

ஆனால் இந்த நோய்க்கு ஒப்பரேசனோடு வேலை முடிவதில்லை. உள்ளே காய்ந்த சளியும் இரத்தக் கட்டியும் பொருக்குமாக அடைந்துவிடும். முதல் சில கிழமைகளுக்குக் குழாயால் பார்த்துப் பார்த்துச் சுத்தம் செய்யாவிட்டால், வெட்டித் திறந்த இடங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். செய்த வேலை வீணாகும். அந்தச் சுத்தம் செய்யும் வேலை முழுவதும் நம்முடைய ஊரில், அந்தக் கதிரையில் நடந்தது. ஆளுக்கு அதிகம் போனால் கால் மணித்தியாலம். அடுத்தது, சதை. எங்கள் வகைக்காரருக்கு அது திரும்ப வளரக்கூடியது, பலருக்கு வளர்கிறது. அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தால் சிறிதாக இருக்கும்போதே எடுத்துவிடலாம். எனக்கும் அப்படி எடுத்தார்கள், அதே பஞ்சு, அதே கசப்பு. வலித்ததா என்றால், இழுக்கும்போது கண் கலங்கத்தான் செய்தது. ஆனால் நடந்து போனேன், நடந்து வந்தேன், மத்தியானச் சோறு வீட்டில் சாப்பிட்டேன்.

இந்த வசதியைத்தான் நீங்கள் மூடியிருக்கிறீர்கள்.

மூடிய பிறகு என்ன நடக்கிறது என்பதையும் கேளுங்கள். எனக்குத் திரும்ப மணம் குறையத் தொடங்கியது. கிளினிக்குக்குப் போனேன். இப்போதிருக்கும் டொக்டர் இளையவர், நல்லவர், கையைப் பிசைந்தார். "பார்க்கத் தெரியும் ஐயா, பார்க்க இடமில்லை" என்று சொல்லிக் கடிதம் எழுதித் தந்தார். கொழும்பு இங்கிருந்து ஏறத்தாழ 260 கிலோமீற்றர். இரவு பஸ்ஸில் ஏறி, விடியப் போய் இறங்கி, முகம் கழுவி, வரிசையில் நின்று, மதியம் தாண்டிக் கூப்பிட்டார்கள். அங்குள்ள கதிரையில் ஏறி இருந்து இறங்க எடுத்த நேரம் கொஞ்சம்தான். அங்கிருந்த டொக்டர் என் கொப்பியைப் புரட்டிவிட்டு, இதற்கு ஏன் இவ்வளவு தூரம் வந்தீர்கள், உங்கள் ஊரிலேயே செய்திருக்கலாமே என்று கேட்டார். அந்தக் கேள்வியை உங்களிடம் கொண்டு வந்து சேர்க்கிறேன்.

என்னிடம் பஸ் காசு இருக்கிறது. ஒரு நாள் வியாபாரத்தை விட்டாலும் அடுத்த நாள் பிடித்துக்கொள்வேன். அந்த வாங்கில் என்னோடு இருந்தவர்கள் எல்லோரும் அப்படியில்லை. வெருகலிலிருந்தும் புல்மோட்டையிலிருந்தும் திருகோணமலை டவுனுக்கு வருவதே அவர்களுக்கு ஒரு நாள் கூலி போகிற விசயம். கிண்ணியாவிலிருந்து வரும் ஒரு உம்மா காலம் முழுக்க விறகடுப்பில் ஊதியவர். படுத்தால் மூச்சு வராது என்று சுவரில் சாய்ந்தே தூங்குகிறவர். கந்தளாயிலிருந்து வரும் சிங்களவர் ஒருவர், அறுவடைத் தூசி தொடங்கியதும் மூக்கு மூடிவிடும் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளங்கப்படுத்தினார். கச்சான் காற்றுக்காலம் வந்தால் அந்த வாங்கில் இடமே இருக்காது. இவர்களிடமும் இப்போது கடிதம் இருக்கிறது. உம்மா அந்தக் கடிதத்தைப் பொலித்தீன் பையில் பத்திரமாக வைத்திருக்கிறார். போகவில்லை. போகவும் மாட்டார் என்று நினைக்கிறேன்.

சைனஸ்தானே, உயிர் போகிற வருத்தமா என்று ஒரு உத்தியோகத்தர் என்னிடம் கேட்டார். அவருக்கு இரண்டு சங்கதி சொல்ல வேண்டும். மூதூரிலிருந்து வந்த ஒரு அக்காவுக்கு ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றச் சளி. வருடக்கணக்காகப் பீனிசம் என்று மருந்து எடுத்தவர். அந்தக் கதிரையில் குழாய் விட்டுப் பார்த்த அன்றைக்குத்தான் சீழ் ஒரு பக்கத்துக் கன்னப் பொந்திலிருந்து மட்டும் வருகிறது என்று கண்டு, பல் டொக்டரிடம் அனுப்பினார்கள். மேல் கடைவாய்ப் பல்லின் வேரில் இருந்தது வருத்தம். மற்றது இதைவிடப் பாரதூரமானது. ஒரு பக்க மூக்கு மட்டும் அடைத்து, இரத்தமும் கலந்து வந்தால், அது சாதாரண சதையாக இல்லாமல் கட்டியாக இருக்கலாம். சில வேளை புற்றுநோயாகவும் இருக்கலாம். முதலில் அதைக் காட்டிக்கொடுப்பது இந்தக் குழாய்தான். அறையை மூடினால் பிந்தித்தான் தெரியவரும். பிந்தினால் உயிர் போகும்.

சரி, உங்கள் பக்கத்து நியாயத்துக்கு வருவோம். எழுத்தில் ஒன்றும் தரவில்லை. வாய்ப்பேச்சில் கேள்விப்பட்டது இது: குழாயின் வெளிச்சம் மங்கிவிட்டது, பழகிய தாதி மாற்றலாகிப் போய்விட்டார், இடநெருக்கடி, இப்படியான வேலைகளைச் சத்திரசிகிச்சைக் கூடத்தில் செய்வதுதான் பாதுகாப்பு.

வெளிச்சத்தை எடுத்துக்கொள்வோம். குழாய்க்கு வெளிச்சம் கொண்டுபோகும் வயருக்குள் மெல்லிய கண்ணாடி இழைகள் இருக்கின்றன. அதை மடித்துச் சுற்றி வைத்தால் இழைகள் ஒவ்வொன்றாக உடையும், வெளிச்சம் குறையும். மாற்ற வேண்டியது வயரை. அறையை அல்ல. குழாயேதான் பழுது என்றாலும், ஒரே ஒரு குழாயை வைத்து ஒரு மாவட்டத்தை நடத்தப் பார்த்ததில்தான் பிழை. ஒருவருக்குப் பாவித்த குழாயை அடுத்தவருக்குப் பாவிக்க முன் கழுவி, கிருமிநாசினித் திரவத்தில் ஊறவைத்து எடுக்க வேண்டும். ஒன்றுதான் இருந்தால், ஊறும் நேரமெல்லாம் டொக்டரும் நோயாளியும் ஆளையாள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். நாங்கள் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கூடத்தில் செய்வதுதான் பாதுகாப்பு என்ற நியாயம் எனக்கு விளங்கவேயில்லை. கூடம் எப்படி ஓடுகிறது என்று உங்களுக்குத்தான் என்னைவிட நன்றாகத் தெரியும். விபத்து வந்தால் அதற்கு முதலிடம், சிசேரியனுக்கு முதலிடம், குடல்வால் வெடித்தவருக்கு முதலிடம். அப்படித்தான் இருக்கவும் வேண்டும். மூக்கில் சதை என்று பட்டியலில் பெயர் இருப்பவர் வெறும் வயிற்றோடு காத்திருந்துவிட்டுப் பின்னேரம் ரீ குடித்து வீட்டுக்குப் போவார். முழு மயக்கம் கொடுக்க மயக்க மருந்து நிபுணர் வேண்டும். 2022 நெருக்கடிக்குப் பிறகு எத்தனை வைத்தியர்கள் நாட்டை விட்டுப் போனார்கள் என்று ஊருக்கே தெரியும். இந்த நிலைமையில் மயக்க மருந்தும் வேண்டாம், கூடமும் வேண்டாம், கட்டிலும் வேண்டாம் என்று இருக்கிற ஒரே வழியை மூடிவிட்டு, எல்லோரையும் கூடத்தின் வரிசையிலேயே கொண்டுபோய் விடுவதில் என்ன கணக்கு இருக்கிறது? கதிரையில் முடிகிற ஒவ்வொரு மூக்கும் கூடத்தில் இன்னொருவருக்கு இடம் விடுகிறது.

கதிரைச் சிகிச்சையில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. மூக்குக்குப் பக்கத்தில் கண், மேலே மூளை. இடையில் இருக்கும் எலும்பு சில இடங்களில் கடதாசித் தடிப்புத்தான். இரத்தம் ஓடலாம், சிலர் தலைசுற்றி விழுவார்கள். இரத்தத்தை ஐதாக்கும் மருந்து குடிப்பவர்கள், பிரசர் கட்டுப்படாதவர்கள், சின்னப் பிள்ளைகள், உள்ளே நிறைய வியாதி இருப்பவர்கள் கூடத்துக்குத்தான் போக வேண்டும். யாரைக் கதிரையில் வைப்பது, யாரை அனுப்புவது என்று தெரிந்த டொக்டர் உங்களிடம் இருக்கிறார். அவருக்குப் பக்கத்தில் ஒரு தாதி, பிரசர் பார்க்கும் கருவி, ஒக்சிசன், அவசர மருந்துத் தட்டு. அவ்வளவுதான் கேட்கிறார்.

பலூன் பற்றியும் ஒரு வார்த்தை. இதை நான் எழுதாவிட்டால், அந்தச் சிகிச்சையைத்தான் கேட்கிறேன் என்று நினைத்து, பலூன் வாங்கப் பணம் இல்லை என்று பதில் வரும். சைனஸ் வாசலுக்குள் மெல்லிய கம்பி ஒன்றை விட்டு, அதன் மேல் ஒரு சிறு பலூனை ஏற்றி, சில விநாடி ஊதி வாசலை அகலமாக்கி, காற்றை இறக்கி எடுத்துவிடும் முறை அது. கம்பியின் நுனியில் வெளிச்சம் இருந்தால், சரியான பொந்துக்குள் போய்விட்டதா என்பது கன்னத் தோலுக்கு மேலேயே தெரியும். சதை எதையும் வெட்டுவதில்லை. மரக்கச் செய்து கதிரையிலேயே செய்யலாம். அமெரிக்காவில் 2005 இல் அனுமதித்தார்கள், 2008 இல் பிரித்தானியாவும் வழிகாட்டி வெளியிட்டது. 2013 இல் வெளியான ஒரு ஆய்வில், சதை வளராத வகைக்காரரில் கதிரையில் பலூன் போட்டவர்களையும் வழமையான சத்திரசிகிச்சை செய்தவர்களையும் ஒப்பிட்டார்கள். நோய்க்குறி குறைந்ததில் பலூன் பின்நிற்கவில்லை, அன்றாட வேலைகளுக்குத் திரும்பியதும் விரைவு. செலவை ஏற்றது பலூன் செய்யும் கம்பனி என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நல்ல முறைதான், ஆனால் எல்லோருக்கும் ஆனது இல்லை. மூக்கு நிறையச் சதை உள்ள என் போன்றவர்களுக்குப் பலூன் உதவாது. கண்ணுக்கிடையில் இருக்கும் சிறு சிறு அறைகளுக்கும் அது போகாது. இதெல்லாம் தெரிந்திருந்தும் தனியார் இடம் ஒன்றில் காசு கட்டிச் சனல் பண்ணி டொக்டரிடம் போனபோது, என் ஸ்கானை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. "பலூன் போடலாம், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்" என்று விலை சொன்னார்கள். ஸ்கானில் சைனஸ் வியாதியே இல்லாதவருக்கும், வெறும் தலையிடிக்காரருக்கும் பலூன் போடக்கூடாது என்று அமெரிக்க நிபுணர்களே 2018 இல் எழுதிவைக்க வேண்டி வந்தது. காசு வரும் இடத்தில் நடப்பதுதான். ஒரு தடவை பாவித்ததும் எறிய வேண்டிய சாமான் அது. இலவச வைத்தியம் தரும் ஒரு நாடு அதை முதலில் வாங்க வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். சதை திரும்ப வளர்கிறவர்களுக்கு மருந்து ஊறிய சிறு வலை ஒன்றைக் கதிரையிலேயே உள்ளே வைக்கிறார்கள், 2017 இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது என்றும் அறிந்தேன். எனக்குப் பொருந்தக்கூடியது அதுதான். அதையும் இப்போது கேட்கவில்லை. நான் கேட்பது எங்களிடம் ஏற்கனவே இருந்ததை.

ஆகவே என் கோரிக்கைகள் இவை.

கோப்புப் பெட்டிகளை வேறு இடத்துக்கு மாற்றி, அந்த அறையைத் திறந்து, கிழமையில் ஒரு நாளையாவது குழாய்ப் பரிசோதனைக்கும் சிறு சிகிச்சைக்கும் ஒதுக்குங்கள். எந்தத் திகதியிலிருந்து என்பதை அதே கதவில் எழுதி ஒட்டுங்கள். "மறு அறிவித்தல் வரை" என்பதைத் திகதியாக எடுத்துக்கொள்ள நாங்கள் தயாரில்லை.

வெளிச்ச வயரை மாற்றுங்கள். ஒன்று பாவனையில், ஒன்று கிருமிநீக்கத்தில், ஒன்று கையிருப்பில் என்று மூன்று குழாயாவது வேண்டும். அடுத்த வருட ஒதுக்கீட்டுக்கான தேவைப் பட்டியலில் அதைச் சேருங்கள். நிதி போதாது என்றால் சொல்லுங்கள். மீனவர் சங்கங்களிடமும் பள்ளிவாசல், கோயில் நிர்வாகங்களிடமும் கேட்க நானே வருகிறேன். ஆனால் முதலில் உங்கள் பக்கத்திலிருந்து ஒரு எழுத்து வேண்டும்.

குழாயைக் கழுவவும் நோயாளியைக் கவனிக்கவும் பழகிய தாதி ஒருவரைப் போடுங்கள். இன்னொருவருக்கும் பழக்கி வையுங்கள். ஒருவர் மாற்றலாகிப் போவதால் ஒரு சேவையே நின்றுபோவது இனி நடக்கக்கூடாது.

வெளி மாவட்டத்தில் ஒப்பரேசன் செய்துகொண்டு வருகிறவர்களின் பின்னரான சுத்திகரிப்பு இங்கேயே நடக்க வேண்டும். அதை அங்குள்ள நிபுணர்களுடன் கதைத்து எழுத்தில் ஒழுங்கு செய்யுங்கள். அறை திறக்கும் வரை, ஒரு பக்க மூக்கடைப்பும் இரத்தமும் உள்ளவர்களைக் கடிதம் கொடுத்து அவர்கள் பாட்டுக்கு அனுப்பாதீர்கள். ஆஸ்பத்திரியே திகதி எடுத்து, வாகனம் ஒழுங்கு செய்து அனுப்பட்டும். கிண்ணியா உம்மாவைப் போல கடிதத்தை வைத்துக்கொண்டு வீட்டில் இருப்பவர்களையும் கிளினிக் பதிவேட்டைப் பார்த்துக் கூப்பிடுங்கள். அவர்கள் தாங்களாக வர மாட்டார்கள்.

என்றைக்காவது பலூன் வாங்குவீர்களானால், ஸ்கானும் குழாய்ப் பரிசோதனையும் இல்லாமல் யாருக்கும் போடுவதில்லை என்ற விதியையும் அதோடு சேர்த்து எழுதுங்கள்.

கடைசியாக, அறிவித்தல் ஒட்டிய நாளிலிருந்து எத்தனை பேர் வெளியே அனுப்பப்பட்டார்கள், அவர்களில் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள், அறையை மூடும் முடிவை எந்தக் கூட்டத்தில் எடுத்தீர்கள் என்பதை வெளியிடுங்கள். இதே மூன்று கேள்வியையும் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பமாகவும் உங்கள் அலுவலகத்தில் கொடுத்து, கையொப்பம் வாங்கி வைத்திருக்கிறேன். தருவதா இல்லையா என்று முடிவு சொல்லச் சட்டம் உங்களுக்குத் தந்திருப்பது 14 வேலை நாட்கள். அதற்கு முன்னமே கதவைத் திறந்தீர்கள் என்றால், முதல் கேள்விக்கு மட்டும் பதில் தந்தால் போதும்.

இப்படிக்கு,
கொட்பேயில் மீன் எடுக்கும் ஒரு கிளினிக் நோயாளி
திருகோணமலை